எழுபது மணியும் நாற்பது மணியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மகாராஜபுரத்தில் இருப்பவர்களுக்கு ஆகாய விமானம் என்பது தலைக்கு மேல் எப்போதாவது கேட்கும் இரைச்சல்தான். அதில் ஏறவேண்டுமானால் மதுரைக்குப் போயாக வேண்டும். ஆயினும், 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஸ்தாபித்த காலந்தொட்டு நூற்பாலைச் சம்பளத்தை நம்பி ஜீவனம் நடத்தும் குடும்பங்கள் பெருகிவிட்ட இந்தப் பிரதேசத்தில், 'பன்னிரண்டு மூன்று' என்று ஒருவர் சொன்னால், அது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3)ஆம் பிரிவின்படி தொழிலாளர் அதிகாரியின் முன்னிலையில் சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்டுவந்த ஒப்பந்தம் என்பதை விளக்குவதற்கு வக்கீல் யாரும் தேவையில்லை. 'பதினெட்டு ஒன்று' அதிகாரி இல்லாமல் இரு தரப்பாரும் தமக்குள் செய்துகொண்டது. அது கையெழுத்திட்ட தரப்பாரை மட்டுமே கட்டியது, முன்னதோ ஆலையிலுள்ள அத்தனை பேரையும் கட்டியது. இந்த வித்தியாசத்தை அறிந்தவர்களுக்கு, நம் நாட்டு விமானிகள் நிர்வாகத்தோடு சம்பளம் பேசிய சரித்திரம் அந்நியமாகத் தோன்றாது.

அந்தச் சரித்திரத்தின் ஆரம்பத்தில் பேரம் என்ற பேச்சுக்கே இடமில்லாதிருந்தது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு சிறு விமானத்தை ஓட்டிவந்த ஜே.ஆர்.டி. டாட்டாவே அந்த விமானச் சேவையைத் தொடங்கியவர். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அந்தத் தபாலைக் கொண்டுவந்து சேர்த்த நெவில் வின்சென்ட்டோ அந்தத் திட்டத்தையே முதலில் எடுத்துச் சொன்னவர். முதலாளியும் விமானியும் ஒருவராகவே இருந்துவிட்டால் மேஜைக்கு எதிர்ப்புறத்தில் உட்கார ஆள் ஏது? 1953 ஆகஸ்டு முதல் தேதியன்று விமானப் போக்குவரத்து தேசியமயமாக்கப்பட்டு, எட்டுக் கம்பெனிகளின் உள்நாட்டுச் சேவைகள் ஒன்றாகி இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷன் உருவானபோதுதான், சர்க்கார் என்ற ஒரே எஜமானரின் கீழ் நூற்றுக்கணக்கான விமானிகள் வந்து சேர்ந்தார்கள். உள்நாட்டு விமானிகளுக்கு இந்திய வர்த்தக விமானிகள் சங்கமும், வெளிநாடு செல்லும் ஏர் இந்தியா விமானிகளுக்கு இந்திய விமானிகள் கில்டும் என்று இரண்டு அமைப்புகள் நிலைபெற்றன. இரண்டும் பல காலம் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே வாழ்ந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் விமானி தொழிலாளியா என்ற கேள்வி இந்த விவகாரத்தை விட்டு நீங்கியதே இல்லை. லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குபவரைத் தொழிலாளி என்பதா என்று கேட்பது இயல்புதான். ஆனால் 1947ஆம் ஆண்டுச் சட்டம் சம்பள வரம்பு விதித்தது மேற்பார்வை செய்பவருக்கே அல்லாமல், தன் கையாலேயே தொழில்நுட்ப வேலை செய்பவருக்கு அல்ல. பதவிக்கு வைத்த பெயரைப் பாராமல், செய்யும் வேலையின் தன்மையையே பார்க்க வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நெடுநாளைய நிலை.

சண்டைகள் அடிக்கடி நேர்ந்தன. அவற்றுள் 1992 டிசம்பரில் தொடங்கியது மறக்கத்தக்கதன்று. இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் ஊதிய விவகாரத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது, பேசித் தீர்ப்பதைவிட வேறு விமானிகளைக் கொண்டுவந்து சமாளிப்பதே மேல் என்று கருதிய அதிகாரிகள், உஸ்பெகிஸ்தானிலிருந்து விமானங்களை அவற்றை ஓட்டுபவர்களோடு சேர்த்தே வாடகைக்கு அமர்த்தினார்கள். 1993 ஜனவரி 9ஆம் தேதி ஹைதராபாத்திலிருந்து சென்ற அத்தகைய விமானம் ஒன்று, டில்லியின் மூடுபனியில் இறங்கும்போது ஓடுபாதையருகே தலைகீழாகப் புரண்டு தீப்பிடித்தது. உள்ளே இருந்த 165 பேரும் உயிர் தப்பியது தெய்வாதீனம். ஒருவர்கூட இறக்காத அந்த விபத்துக்காக விமானப் போக்குவரத்து மந்திரி மாதவராவ் சிந்தியா ராஜினாமா செய்தார். அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டும் அதே வேளையில், ஒரு சம்பளப் பேச்சுவார்த்தையைத் தள்ளிப்போட்டதன் விலை எதுவாக இருந்திருக்கக்கூடும் என்பதையும் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

விமானியின் சம்பளக் கணக்கின் சூட்சுமத்தை இங்கே சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. நின்றிருக்கும் விமானத்தின் சக்கரத்தடியில் ஒரு கட்டை வைத்திருப்பார்கள். அதை எடுத்த நிமிஷத்திலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடியும் கட்டை வைக்கும் நிமிஷம் வரையிலுமே பறந்த நேரம் என்று ஏட்டில் ஏறும். அதற்கு முன்னால் வானிலை அறிக்கையைப் படித்ததும், எரிபொருளைக் கணக்கிட்டதும், விமானத்தைச் சுற்றி வந்து சோதித்ததும், இரண்டு பிரயாணங்களுக்கு இடையே அறையில் காத்துக் கிடந்ததும் அந்த ஏட்டில் இல்லை. லண்டனுக்கு ஓட்டுபவர் ஒரே மூச்சில் ஒன்பது பத்து மணி நேரத்தைச் சேர்த்துவிடுவார். சென்னைக்கும் மதுரைக்கும் தூத்துக்குடிக்குமாகச் சிறு விமானத்தை ஓட்டுபவரோ, நாள் முழுவதும் ஏறி இறங்கினாலும் அதில் பாதியைச் சேர்ப்பதற்குள் களைத்துப் போவார். ஆகையால்தான், பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை மணிக்குச் சம்பளம் உறுதி என்ற ஒற்றை வரி, மற்ற எல்லா ஷரத்துகளையும்விட அவர்களுக்கு முக்கியமாகிறது.

2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைக்கப்பட்டபோது பெயர்கள் ஒன்றாயின. சம்பளக் கணக்குகள் ஒன்றாகவில்லை. சமமான ஊதியமும் உறுதியான மணிக்கணக்கும் கேட்டு, 2011 ஏப்ரல் கடைசியில் முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் பத்து நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது, அலுவலகங்களுக்குப் பூட்டுப் போடப்பட்டது, பின்னர் பேச்சுவார்த்தையில் சமாதானம் ஏற்பட்டது. மறு ஆண்டே மற்றொரு சங்கத்தின் முறை: புதிய ட்ரீம்லைனர் விமானங்களில் எவருக்குப் பயிற்சி என்ற பிணக்கில் ஏர் இந்தியா விமானிகள் 58 நாட்கள் வேலைக்கு வரவில்லை. எதிரி நிர்வாகம் என்று பெயர். உண்மையில் அந்த 58 நாட்களும் சக விமானிகளோடு நடந்த சண்டை என்பதே என் அபிப்பிராயம்.

சிறு ஊர்களை இணைக்கும் கம்பெனிகளில் இந்தப் பிரிவினை நிர்வாகத்துக்கு இன்னும் அனுகூலமானது. அமெரிக்காவில் 2014 மார்ச்சில் அமெரிக்கன் ஈகிள் என்ற கிளைக் கம்பெனியின் விமானிகள், நிர்வாகம் நீட்டிய ஒப்பந்தத்தைச் சுமார் 70 சதவிகித வாக்குகளால் நிராகரித்தார்கள். ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கிளைக் கம்பெனியின் விமானிகள் முந்திய ஆண்டிலேயே சலுகைகளை விட்டுக்கொடுத்துப் புதிய விமானங்களைப் பெற்றிருந்தார்கள். நீங்கள் மறுத்தால் விமானங்கள் அடுத்த வீட்டுக்குப் போகும் என்பதுதான் அங்கே நிர்வாகத்தின் வாதம்.

நம் நாட்டில் 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா வசமாயிற்று. 2023 ஏப்ரலில் புதிய ஊதியத் திட்டம் விமானிகளிடம் தனித்தனியாகக் கையெழுத்துக்கு வந்தது. அதில் உறுதி செய்யப்பட்டது 40 மணி. முன்பு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு சங்கங்களும் அதிசயமாக ஒரே குரலில், கையெழுத்திட வேண்டாம் என்று அங்கத்தினர்களைக் கேட்டுக்கொண்டன. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் ரத்தன் டாட்டாவுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். அவர்களை உறுத்தியது மணிக்கணக்கு மட்டுமன்று. அனுபவமுள்ள கேப்டன்களுக்கு ஒரு புதிய பட்டம் கொடுத்து அவர்களை நிர்வாக வகுப்பில் சேர்ப்பதாகவும் அத்திட்டம் கூறிற்று. மரியாதை செய்வதுபோல் தோன்றும் அந்த ஷரத்து, சங்கத்தின் முதுகெலும்பையே உருவிவிடக் கூடியது.

2024 ஏப்ரலில், ஏர் இந்தியாவோடு இணையவிருந்த விஸ்தாராவில் இதே கதை. முன்பு 70 மணிக்கு உறுதியாயிருந்த சம்பளம் புதிய ஒப்பந்தத்தில் 40 மணிக்கு இறங்கியது; விமானிகள் பலர் ஒரே சமயத்தில் உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தார்கள்; நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணங்கள் ரத்தாயின; கம்பெனி தன் தினசரிச் சேவையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டது. விமானிகளில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டார்கள் என்று நிர்வாகம் சொல்லிற்று. அதை நான் மறுக்கவில்லை. தனித்தனியாகக் கேட்டால் கையெழுத்திடாதவர் யார்? கூட்டாக மறுக்க வழியில்லாத இடத்தில் தலைவலியும் காய்ச்சலும் வாக்குச்சீட்டாகிவிடுகின்றன. அதனால் நஷ்டமடைந்தவர்கள் விமான நிலையத்தில் குழந்தை குட்டிகளோடு காத்துக் கிடந்த பிரயாணிகள்தான்; அந்த முறையை நியாயமென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், ஒப்பந்தத்தைச் சங்கத்தின் முன் வைத்துப் பேசியிருந்தால் அந்தக் கூத்து நடந்திராது என்பதையும் சொல்லாமலிருக்க மாட்டேன்.

விஸ்தாரா 2024 நவம்பர் 12ஆம் தேதி ஏர் இந்தியாவில் கலந்துவிட்டது. இனி அங்கே விமானிகளுக்காகப் பேசப்போவது யார் என்பதே கேள்வி. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஒரு நிறுவனத்தின் தொழிலாளர்களில் 51 சதவிகிதத்தினரைக் கொண்டிருக்கும் சங்கமே நிர்வாகத்தோடு பேசும் ஒரே சங்கமாக அங்கீகரிக்கப்படும். நிர்வாக வகுப்பில் சேர்க்கப்பட்டவர்கள் செய்வதும் உண்மையில் நிர்வாக வேலைதான் என்றால், அவர்கள் அந்தத் தொழிலாளர் கணக்கில் வரமாட்டார்கள்.