மரை கழண்ட கதை

"உனக்கென்ன மரை கழண்டு போச்சா?"னு ஒரு தடவையாவது திட்டு வாங்காதவங்க நம்மள்ல கம்மி. எனக்கு போன மாசம் அந்தத் திட்டு நிஜமான மரைக்காகவே கிடைச்சுது. திட்டினது நைனா. (1960 ஏப்ரல் 1-ல திருத்தணி வட்டாரம் ஆந்திராவுல இருந்து சென்னை மாநிலத்துக்கு வந்துருச்சு. ஆனா கனகம்மாசத்திரத்துல எங்க வீட்டுல அப்பா இன்னிக்கும் நைனாதான். இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.)

வீட்டுல ஒரு அம்பாஸிடர் நிக்குது. 1984 மாடல், மார்க் 4. எட்டு பேரை அடைச்சுக்கிட்டு வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குப் போன வண்டி. முன்பக்க மட்கார்டு துரு பிடிச்சிருக்கேன்னு கழட்டப் போனேன். ஸ்பேனர் வெச்சு ஒரு அழுத்து அழுத்தினதும் "டக்". போல்ட் தலை கையில, உடம்பு உள்ளே. சுத்தியும் தகடு அப்பளம் மாதிரி உதிருது.

"காயலாங்கடைக்குப் போட்டுரலாம்டா"ன்னுட்டார் நைனா. அவர் பயத்துல நியாயம் இருக்கு. அம்பாஸிடருக்குத் தனியா சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். அரிப்பு பரவிச்சுன்னா வண்டியோட எலும்பே போச்சு.

நம்ம மெக்கானிக் அண்ணன் வந்தார். உடைஞ்ச துண்டைக் கையில வாங்கி ஒரு பார்வைதான். "தம்பி, இது இந்த வண்டி போல்டே இல்ல. எவனோ எம்.எம். போல்ட்ட இஞ்ச் நட்டுல அடிச்சு ஏத்திருக்கான்."

அது எப்படி ஏறும்? இதைத் தேடப் போய்த்தான் இந்தப் பதிவு. கொசுவத்தியைக் கொஞ்சம் வேகமா சுத்துங்க.

1841 வரைக்கும் இங்கிலாந்துல ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒரு இடத்து நட்டு இன்னொரு இடத்து போல்ட்டுல ஏறாது. அந்த வருஷம் ஜோசப் விட்வொர்த் 55 டிகிரி கோணத்துல ஒரு பொது மரையை முன்வெச்சார். 1864-ல அமெரிக்காவுல வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரின்னு வேற ஒண்ணைக் கொண்டுவந்தார். ரெண்டாம் உலகப்போர்ல நேச நாடுகள் ஒருத்தர் சாமானை இன்னொருத்தர் ரிப்பேர் பண்ணப் போனப்பதான் இதோட வலி தெரிஞ்சுது. 1948 நவம்பர்ல அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு 'யூனிஃபைட்' மரையைக் கொண்டுவந்தாங்க. 60 டிகிரி, ஆனா அளவு அங்குலம்.

மோரிஸ் கம்பெனி கதை இன்னும் தமாஷ். 1923-ல அவங்க வாங்கின கோவென்ட்ரி இன்ஜின் ஃபேக்டரி, ஹாட்ச்கிஸ்ங்கிற பிரெஞ்சு கம்பெனியோடது. மெஷின் எல்லாம் மெட்ரிக். பிரிட்டிஷ் மெக்கானிக் கையில இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். தீர்வு? மரை மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த்! யாருக்கு மரை கழண்டதுன்னு நீங்களே சொல்லுங்க :-)

அந்த மோரிஸோட ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 தான் 1957-58-ல உத்தர்பாராவுல நம்ம அம்பாஸிடரா மாறிச்சு. வந்த நேரத்தைப் பாருங்க. 1957 ஏப்ரல் 1-ல நயா பைசா. 1958 அக்டோபர்ல இருந்து கிலோவும் மீட்டரும். நாடே மெட்ரிக்குக்கு மாறுது, வண்டி அங்குல மரையோட வந்து இறங்குது. மாநிலம் மாறியும் எங்க வீட்டுல 'நைனா' மாறாத மாதிரிதான். 1992-ல இசுசு இன்ஜின் வந்தப்ப அது மெட்ரிக், பாடி பழைய அங்குலம். 2014-ல உற்பத்தி நிக்கிற வரைக்கும் மெக்கானிக்குங்க ரெண்டு செட் ஸ்பேனரோட அலைஞ்சாங்க.

இப்ப நம்ம போல்ட்டுக்கு வருவோம். 5/16 அங்குலம்னா 7.94 மி.மீ. கடையில சுலபமா கிடைக்கிறது 8 மி.மீ. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைங்க. ஆனா அங்குல நைஸ் மரையில ஒரு சுத்துக்கு 1.06 மி.மீ., எம்8-ல 1.25. முதல் ரெண்டு சுத்து விரலாலேயே ஏறும், அப்புறம் இறுகும். "ஆஹா டைட்டாயிருச்சு"ன்னு ஸ்பேனர் போட்டு அமுக்கினா மரை சிதையும். கூடவே போல்ட் மேல இருக்கிற துத்தநாகப் பூச்சும் போயிரும். சாதாரண போல்ட்டுல அது 5-லிருந்து 8 மைக்ரான்தான், தலைமுடியில பத்துல ஒரு பங்கு. அது வழிச்சு எடுத்த இடத்துல மழைத்தண்ணி தங்குனா வேற என்ன நடக்கும்?

"அப்ப எல்லாத்தையும் ஸ்டெயின்லெஸ்ல மாத்திரலாம்ணே"ன்னேன். இன்ஜினியரிங் படிச்ச திமிர். அண்ணன் சிரிச்சார்.

அந்தச் சிரிப்புக்கு விளக்கம் 1761-ல இருக்கு. பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்'ங்கிற கப்பலோட அடிப்பக்கத்துக்குச் செம்புத் தகடு அடிச்சுது, இரும்பு ஆணியால. 1763-ல பார்த்தா பல இடத்துல ஆணி கரைஞ்சு தகடு பிரிஞ்சு கிடக்கு. தகடு சுத்தி வந்த பழுப்புக் காகிதம் நடுவுல மாட்டியிருந்த இடத்துல மட்டும் ஆணி நல்லா இருந்துது! ரெண்டு உலோகம் ஒட்டி, நடுவுல உப்புத்தண்ணி இருந்தா அது ஒரு பேட்டரி. பலவீனமான உலோகம் கரையும். வோல்டா பேட்டரி செஞ்சதே 1800-லதான். 1824-ல ஹம்ப்ரி டேவி இதையே திருப்பிப் போட்டு, செம்பைக் காப்பாத்த துத்தநாகத்தையும் இரும்பையும் பலி கொடுத்துப் பார்த்தார். நம்ம போல்ட் மேல பூசுற துத்தநாகமும் அதே பலியாடுதான்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டா போல்ட் பளபளன்னு இருக்கும். வாஷர் பெயின்ட்டைக் கீறின இடத்துல தகடுதான் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் முடுக்கும்போதே ஒண்ணோட ஒண்ணு கடிச்சுக்கவும் செய்யும். சாதாரண ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 700 மெகாபாஸ்கல்தான் தாங்கும். 8.8 முத்திரை போல்ட் 800 தாங்கும். பிரேக், சஸ்பென்ஷன் பக்கம் அழகுக்காக மாத்துறது வம்பை விலைக்கு வாங்குறது. ஆனா சைலன்சர் மேனிஃபோல்டுக்கு அண்ணன் பித்தளை நட்டுதான் போடுவார். சூட்டுல ஸ்டட்டோட ஒட்டிக்காது.

கடைசியில என்ன பண்ணோம்? உள்ளே மாட்டின துண்டு மேல ஒரு நட்டை வெச்சு வெல்டு அடிச்சு, சூடு ஆறுறதுக்குள்ள திருகி எடுத்தார். உதிர்ந்த தகட்டை வெட்டி ஒட்டு போட்டாச்சு. புதுப்பேட்டையில அலைஞ்சு துத்தநாகம் பூசின அங்குல போல்ட் வாங்கினேன். முதல்ல கையாலயே கடைசி வரைக்கும் ஏறுதான்னு பார்த்தோம். அப்புறம் மரைக்கு கிரீஸ், வாஷருக்கு அடியில பெயின்ட், முடுக்கினப்புறம் தலை மேல மெழுகு. மொத்த போல்ட் செலவு, ஒரு நல்ல ஓட்டல்ல நாலு பேர் டிபன் சாப்பிடுற காசு.

காயலாங்கடைப் பேச்சு இப்போதைக்கு இல்லை. மிச்சம் இருந்த போல்ட்டை நைனா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, மேல பேனாவால "இஞ்ச்"னு எழுதி, பீரோவுல வெச்சுப் பூட்டிட்டார். சாவியை என்கிட்ட தரமாட்டாராம்.