முளையம் வைத்த பின் படுக்கை எதற்கு?

என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவருக்கு டெஸ்ட் டியூப் சிகிச்சை சரிவரவில்லை. "வச்ச அண்டைக்கே எழும்பி நடந்தா எப்படித் தங்கும்?" என்று மாமி கேட்ட கேள்வி இன்னும் அவரைக் குடைகிறது. அவரது சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வெளியே கருக்கட்டிய முளையத்தைக் கருப்பைக்குள் வைப்பது சில நிமிட வேலை. அதுவரை ஏற்றிய ஊசிகளும் செய்த செலவும் அந்த நிமிடங்களில்தான் வந்து நிற்கின்றன. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் ஆய்வுகளைத் திரட்டி 2017இல் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. அதில் பலன் தருவதாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் வைத்தியரின் கையில் உள்ளவை. வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்துப் பார்த்தபடி செய்ய வேண்டும் (சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச் சொல்வது இதற்காகத்தான்). கருப்பை வாயிலுள்ள சளியை அகற்ற வேண்டும். மென்மையான குழாயைப் பாவிக்க வேண்டும். முளையத்தை கருப்பையின் மேற்சுவரிலிருந்து 1 சென்ரிமீற்றருக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும். குழாய் மேற்சுவரில் முட்டினால் கருப்பை சுருங்கும், முளையம் இடம் மாறவும் கூடும்.

படுத்துக் கிடப்பதால் பயனில்லை, உடனே எழுந்து நடக்கலாம் என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. கருப்பை வாய் திறந்த பை அல்ல. அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டியே இருக்கும். நடந்தால் முளையம் விழுந்துவிடாது.

எல்லாம் சரியாக நடந்தும் முளையத்தின் நிறமூர்த்தக் குறைபாட்டால் தங்காமல் போவதுண்டு. அதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

அடுத்த தவணை லீவில் அவர் மீண்டும் போகிறார். இம்முறை மாமியையும் வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன்.