சாவியைத் தராமல் வேலையை ஒப்படைப்பது

பிள்ளையார்பாளையத்தில் ஒரு டீக்கடை. தறியிலிருந்து எழுந்து வந்த ஒரு பெரியவர், டீயைக் குடித்து முடித்துவிட்டு கைப்பேசியைக் கடைப் பையனிடம் நீட்டினார். "கண்ணு சரியா தெரியல தம்பி, நீயே போட்டுக்கோ." பையன் ஸ்கேன் செய்து, தொகையைப் போட்டான். ரகசிய எண் கேட்டது. பெரியவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி நாலு இலக்கத்தையும் சொன்னார். பையன்தான் பதறினான்: "மெதுவா சொல்லுங்க தாத்தா!"

அவர் ஒப்படைக்க நினைத்தது ஒரு டீக்கான காசை. ஒப்படைத்தது முழுக் கணக்கை. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. நம் சார்பில் ஒரு காரியத்தை இன்னொருவர் செய்ய வேண்டும், ஆனால் அந்த ஒரு காரியத்தை மட்டுமே செய்ய வேண்டும். மனிதர்களுக்கு இது பழைய பிரச்சனை. கைப்பேசிச் செயலிகளுக்கு இது பதினைந்து, இருபது வருடக் கதை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், செயலிகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்பது கொஞ்சம் புரிகிறது.

நிறை போட்டுக் கொடுத்தது

அந்தப் பெரியவரின் தொழிலிலேயே இதற்கு ஒரு முறை உண்டு. காஞ்சிபுரத்தில் கூலிக்கு நெய்பவருக்குப் பட்டும் சரிகையும் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தோ வரும். அதை நிறை போட்டுக் கொடுப்பார்கள். சேலை முடிந்து வந்ததும் அதையும் நிறை போட்டு வாங்குவார்கள். விலை உயர்ந்த சரக்கு நெசவாளர் வீட்டில் பல நாள் கிடக்கும், ஆனாலும் அது அவருடையது இல்லை. எந்தச் சேலைக்கு, எவ்வளவு சரிகை என்பது முன்கூட்டியே முடிவானது. நம்பிக்கை இருக்கு, கூடவே தராசும் இருக்கு.

சட்டம் இதையே பொதுவாக எழுதி வைத்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 182-ஆம் பிரிவிலிருந்து முகவர் பற்றிய பகுதி தொடங்குகிறது. அதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. 190-ஆம் பிரிவு: தானே செய்வதாக ஏற்ற வேலையை முகவர் இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது (தொழில் வழக்கமோ வேலையின் தன்மையோ அதைக் கேட்டால் தவிர). 208-ஆம் பிரிவு: முகவரின் அதிகாரத்தை நீங்கள் ரத்து செய்தாலும், வெளியாட்களைப் பொறுத்தவரை அது அவர்களுக்குத் தெரியவரும்போதுதான் செல்லுபடியாகும். அதாவது, "நிறுத்திட்டேன்" என்று மனசுக்குள் சொன்னால் போதாது, ஊருக்குத் தெரிய வேண்டும்.

இதைக் கடல் தாண்டி நடத்திக் காட்டியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். ரங்கூனிலும் மலாயாவிலும் இருந்த கடைகளைப் பெரும்பாலும் முதலாளி நேரில் நடத்தவில்லை. ஒரு முகவர், பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கில், அதிகாரப் பத்திரத்தோடு போவார். கடையின் விலாச எழுத்துகளைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக் கையெழுத்திடுவார். கையெழுத்தைப் பார்த்தாலே செய்தவர் யார், யாருக்காகச் செய்தார் என்ற இரண்டும் தெரியும்.

ஆக, கேள்விகள் நாலு. யார் பெயரில்? எந்த வேலைக்கு? எவ்வளவு காலம், எவ்வளவு தொகை? நிறுத்துவது எப்படி? இனி கணினிப் பக்கம் போவோம்.

குழம்பிப்போன குமாஸ்தா

1988-இல் நார்ம் ஹார்டி என்ற அமெரிக்கக் கணினியாளர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். டைம்ஷேர் என்ற நிறுவனத்தில் பத்துப் பதினோரு வருடம் முன்பு நடந்த சம்பவம் அது. அங்கே பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணினியில் ஒரு மொழிமாற்றி நிரல் இருந்தது. பயன்பாட்டுப் புள்ளிவிவரம் எழுதுவதற்காக, கணினியின் ஒரு முக்கியமான அடைவுக்குள் எழுதும் அனுமதியை அதற்குக் கொடுத்திருந்தார்கள். அதே அடைவில்தான் வாடிக்கையாளர்களுக்கான பில் கணக்குக் கோப்பும் இருந்தது. ஒரு பயனர், "என் வெளியீட்டை இந்தப் பெயரில் எழுது" என்று அந்தப் பில் கோப்பின் பெயரைக் கொடுத்துவிட்டார். பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. நிரலுக்கு இருந்தது. எழுதிவிட்டது. பில் கணக்கு போச்சு.

நிரல் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு எஜமானர்களின் அதிகாரம் அதன் கையில் இருந்தது. எந்த வேலையை யாருடைய அதிகாரத்தில் செய்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. ஹார்டி வைத்த பெயரைத் தமிழில் "குழம்பிப்போன குமாஸ்தா" என்று சொல்லலாம். முகவர் விலாசம் போடாமல் கையெழுத்திட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

கடவுச்சொல்லைக் கேட்ட காலம்

2000-களின் நடுவில் ஒரு புதிய சமூகத் தளத்தில் சேர்ந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். "உங்கள் நண்பர்களைத் தேடித் தருகிறோம், மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுங்கள்" என்று கேட்கும். நாமும் கொடுத்தோம்! தொடர்புப் பட்டியலைப் படிக்க மட்டும்தான் அந்தத் தளத்துக்குத் தேவை. ஆனால் கடவுச்சொல் கையில் இருந்தால் கடிதங்களைப் படிக்கலாம், அழிக்கலாம், நம் பெயரில் எழுதலாம். நிறுத்த ஒரே வழி கடவுச்சொல்லை மாற்றுவது. டீக்கடையில் பெரியவர் செய்ததும் இதே காரியம்தான்.

2006 நவம்பரில், அப்போது ட்விட்டரில் இருந்த பிளெய்ன் குக்கும் வேறு சிலரும் இதற்கு மாற்று தேட ஆரம்பித்தார்கள். 2007 இறுதியில் ஓஆத் என்ற நெறிமுறையின் முதல் வடிவம் வந்தது. இரண்டாம் வடிவம் 2012-இல். இதில் கடவுச்சொல்லைச் சொந்தத் தளத்திடம் மட்டுமே சொல்கிறோம். அந்தத் தளம் வேலை கேட்டு வந்த செயலிக்கு ஒரு சீட்டு எழுதித் தருகிறது: இன்ன செயலி, இன்ன வேலை, இன்ன காலம் வரை. வேண்டாமென்றால் சீட்டை மட்டும் கிழிக்கலாம். நாலு கேள்விக்கும் அதில் பதில் இருக்கு.

ஒரே கைப்பேசிக்குள்

2008-இல் ஆண்ட்ராய்டு வந்தபோதே, ஒரு செயலி இன்னொன்றிடம் வேலை சொல்லும் வழி அதில் இருந்தது. பெயர் இன்டென்ட். "ஒரு படம் எடுக்கணும்" என்று ஒரு செயலி சொன்னால், கேமரா செயலி எழுந்து படத்தை எடுத்துக் கொடுக்கும். கேட்ட செயலிக்குக் கேமராவைத் தொடும் அனுமதி தேவையில்லை. வேலை தெரிந்தவரிடம் கொடுத்து முடித்த பொருளை வாங்கிக்கொள்வது மாதிரி.

இதைவிட நுணுக்கமானது பெண்டிங் இன்டென்ட். இங்கே ஒரு செயலி, "என் பெயரில், என் அதிகாரத்தில், இந்தக் காரியத்தை நீ பிறகு செய்" என்று ஒரு சீட்டை அடுத்தவரிடம் கொடுக்கிறது. அலாரம் அடிப்பது, அறிவிப்பைத் தொட்டால் செயலி திறப்பது எல்லாம் இப்படித்தான். சிக்கல் எங்கே வந்தது? சீட்டில் சில கட்டங்களைக் காலியாக விட்டால், வாங்கியவர் தனக்கு வேண்டியதை நிரப்பலாம். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக் மாதிரி. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-லிருந்து, அதற்கென எழுதப்படும் செயலிகள் அந்தச் சீட்டு திருத்தக்கூடியதா இல்லையா என்று வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். பதின்மூன்று வருடம் கழித்து வந்த ஒரு கட்டாயக் கட்டம்!

யுபிஐ

நம் ஊரில் இதன் பெரிய பரீட்சை யுபிஐதான். 2016 ஏப்ரலில் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் இதை அறிமுகப்படுத்தியது, ஆகஸ்ட் கடைசியில் வங்கிகளின் செயலிகள் வர ஆரம்பித்தன. ரயில் டிக்கெட் செயலியில் "பணம் கட்டு" என்று தொட்டால் கூகுள் பே திறக்கிறது, தொகை அங்கே தயாராக நிற்கிறது. இது ஒரு செயலி இன்னொன்றுக்கு வேலை சொல்வது. ரகசிய எண் கேட்கும் திரை மட்டும் கூகுள் பே உடையது இல்லை. அது கழகம் கொடுத்த தனி நிரல். எண்ணைக் கூகுள் பே பார்ப்பதில்லை, டிக்கெட் செயலியும் பார்ப்பதில்லை. பூட்டிய உறையில் வங்கிக்குப் போகிறது.

ஒப்படைப்பு எத்தனை கை மாறுகிறது என்பது 2020 மார்ச் 5 அன்று வெளியே தெரிந்தது. அன்று மாலை யெஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. அந்த வங்கியில் கணக்கே இல்லாத ஃபோன்பே பயனர்களுக்கும் பணம் போகவில்லை. காரணம், ஃபோன்பே தன் யுபிஐ வேலையை யெஸ் வங்கி வழியாகச் செய்துவந்தது. வேறு வங்கிக்கு மாறி மறுநாள் சேவை திரும்பியது. நம் முகவருக்கு ஒரு முகவர் இருப்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபே அதே 2020 ஜூலையில் வந்தது. இதில் தராசு தெளிவாக இருக்கு. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ரகசிய எண் கேட்காமல் எடுக்கும் உச்சவரம்பு முதலில் 2,000 ரூபாய், 2022-இலிருந்து பொதுவாக 15,000 ரூபாய். வேண்டாமென்றால் செயலியிலேயே நிறுத்தலாம்.

தராசு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அதே காலத்தில் பாடம் கிடைத்தது. கொரோனா காலத்துக் கடன் செயலிகள் ஐந்தாயிரம், பத்தாயிரம் கொடுக்க, தொடர்புப் பட்டியல் முழுவதற்கும் அனுமதி வாங்கின. கடன் தவறியபோது அந்தப் பட்டியலில் இருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அவமானப்படுத்தினார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. 2022 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி நெறிமுறைகள், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகளைத் தொடக் கூடாது என்றன.

மறுபடி டீக்கடை

2024 ஆகஸ்டில் யுபிஐ சர்க்கிள் வந்தது. கணக்கு உள்ளவர், தான் நம்பும் ஐந்து பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் தங்கள் கைப்பேசியிலிருந்து இவர் கணக்கில் பணம் செலுத்தலாம். முழு ஒப்படைப்பு என்றால் ஒரு தடவைக்கு 5,000, மாதத்துக்கு 15,000 ரூபாய்தான் உச்சம். பகுதி ஒப்படைப்பு என்றால் அவர்கள் தொடங்குவார்கள், கணக்குக்காரர் ரகசிய எண் போட்டால்தான் முடியும். எதிலும் ரகசிய எண்ணை அடுத்தவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். மகளைச் சேர்த்துவிட்டால், டீக்கடைக் கணக்கை வாரம் ஒருமுறை அவர் கட்டிவிடலாம், எண்ணைத் தெருவில் கத்த வேண்டாம் என்றேன். கவனமாகக் கேட்டார். எப்படிச் சேர்ப்பது, எவ்வளவு செலவு என்றெல்லாம் கேட்கவில்லை.

"நடுவுல வேணாம்னா, நானே நிறுத்த முடியுமா? நிறுத்தினா அவளுக்குத் தெரிஞ்சிடுமா?"

முடியும் என்றேன். தெரியும் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அவகிட்ட பேசிட்டுத்தான் செய்யணும்" என்று எழுந்து போனார். 208-ஆம் பிரிவை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை.