தரவுத்தளச் சேவைகளின் தொடக்க முறை: ஒரு வரலாறு

சர்வர் எனப்படும் வழங்கிக் கணினி இயங்கத் தொடங்கும்போது, அதிலுள்ள தரவுத்தளச் சேவை தானாகத் தொடங்க வேண்டுமா, கட்டளை வந்த பிறகு தொடங்க வேண்டுமா, தொடங்கவே கூடாதா என்பதை வரையறுக்கும் அமைப்பே தொடக்க முறை ஆகும். குடுமியான்மலை போன்ற சிற்றூர் அலுவலகத்தில் நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பும்போது கணினி அருகே எவரும் இருப்பதில்லை. காலையில் தரவுத்தளம் தயாராக இருக்க வேண்டுமானால், முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைதான் ஆளின் இடத்தில் நின்று வேலை செய்ய வேண்டும்.

தொடக்க காலம்

1970களில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஆர்சி என்ற கட்டளைக் கோப்பு இப்பணியைச் செய்தது. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி., ஒவ்வொரு சேவைக்கும் தானியக்கம், கைமுறை, முடக்கம் என்ற நிலைகளை வைத்தது. பதிவேட்டில் இவை முறையே 2, 3, 4 என்ற எண்களாகக் குறிக்கப்படுகின்றன.

ஸ்லாமர் தந்த பாடம்

2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற கணினிப் புழு, மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரின் குறைபாடு வழியே பரவியது. அதன் அளவு 376 பைட்டுகள் மட்டுமே. பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றை அது பத்தே நிமிடங்களில் எட்டியது. குறைபாட்டுக்கான திருத்தம் 2002 ஜூலையிலேயே வெளியாகியிருந்தது. ஆனால் வேறு மென்பொருள்களுடன் சேர்ந்து நிறுவப்பட்ட சிறு தரவுத்தளப் பொறி தம் கணினியில் இயங்குவதையே பலர் அறிந்திருக்கவில்லை.

ஸ்லாமர் நினைவகத்தில் மட்டுமே தங்கியது; கணினியை அணைத்தால் அழிந்துவிடும். எனினும் கணினி மீண்டும் இயங்கியதும், திருத்தப்படாத தரவுத்தளச் சேவை தானாகத் தொடங்கி, மறுபடியும் தொற்றுக்கு ஆளானது. வசதிக்காக வைத்த தானியக்கமே இங்கு வாசலைத் திறந்துவிட்டது. 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில் பல கூறுகள் இயல்பாகவே அணைக்கப்பட்ட நிலையில் நிறுவப்பட்டன.

நிரல்வழி மாற்றம்

ஓரிரு கணினிகளில் தொடக்க முறையைக் கையால் மாற்றிவிடலாம். நூற்றுக்கணக்கானவற்றில் ஏதேனும் ஒன்று விடுபட்டுப்போகும். எனவே நிர்வாகிகள் வி.பி. ஸ்கிரிப்ட் நிரல்களையும், 2006-இல் வந்த பவர்ஷெல்லையும் பயன்படுத்தினர். லினக்ஸில் 2010 முதல் சிஸ்டம்டி இவ்வசதியைத் தருகிறது.

எல்லா இடங்களிலும் ஒரே முறை பொருந்தாது. ஒரு கணினி பழுதானால் மற்றொன்று பொறுப்பேற்கும் கூட்டமைப்பில், தரவுத்தளச் சேவை கைமுறையில் வைக்கப்படுகிறது. எந்தக் கணினியில் தொடங்குவது என்பதைக் கூட்டமைப்பு மென்பொருளே முடிவு செய்கிறது. ஆகவே நல்ல நிரல், முதலில் ஒவ்வொரு சேவையின் தற்போதைய நிலையைப் பட்டியலிட்டுச் சேமித்த பிறகே அதை மாற்றும்.