கட்டிலுக்குக் கீழே முதலை!

குட்டிக்குப் படப் புத்தகம் வாங்கிட்டு, ‘கிழிச்சிடுவான்’னு பீரோ மேல வெச்சிருக்கீங்களா? கீழே இறக்குங்க பாஸ்!

இங்கிலாந்து ஓவியர் எரிக் ஹில் ஒரு விளம்பரத் தாளை வடிவமைத்துக்கொண்டிருந்தார். அதில் திறந்து மூடுற மாதிரி ஒட்டியிருந்த காகிதத்தை அவருடைய சின்னப் பையன் ஆசையாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். அங்கே பிறந்ததுதான் 1980-ல் வெளியான ‘வேர்ஸ் ஸ்பாட்?’. சாப்பாட்டு நேரத்தில் காணாமல்போன நாய்க்குட்டியை அம்மா நாய் வீடு முழுக்கத் தேடும். கதவுக்குப் பின்னால் கரடி, கட்டிலுக்குக் கீழே முதலை! அடுத்து யாருன்னு திறந்து பார்க்கிறது குழந்தையின் விரல்தான். ராட் கேம்பெல்லின் ‘டியர் ஸூ’வும் (1982) இதே ரகம்.

இதுக்கெல்லாம் பாட்டி, 1940-ல் டோரத்தி குன்ஹார்ட் உருவாக்கிய ‘பேட் தி பன்னி’. முயலின் மெத்து மெத்து உடம்பைத் தடவலாம். அப்பாவோட சொரசொர தாடியையும்தான்!

வாயில் வைக்கிற வயசுன்னா கெட்டி அட்டைப் புத்தகமே பெஸ்ட். பட்டனை அழுத்தினா மிருகங்கள் கத்துற புத்தகம்னா, பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கான்னு கட்டாயம் பாருங்க. பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகலாம்; உடனே மருத்துவமனைக்கு ஓடணும்.

காகித மூடி கிழிஞ்சா? செல்லோ டேப் போதும்.