தயிர்க் கிருமி வேறு, டோடர்லைன் கிருமி வேறு

பேங்க்கில் கணக்குப் பார்ப்பவளுக்கு இந்த சப்ஜெக்ட் எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே நாக்பூரில் நம்மூர்ப் பெண்கள் நாலு பேர் கூடினால், ஆண்கள் எழுந்து போனதும் மெல்ல வரும் பேச்சுகளில் வெள்ளைப்படுதலும் ஒன்று. "உடம்புச் சூடு, மோர் குடி" என்பார் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். "புரோபயாடிக் கேப்சூல் போடுங்க" என்பாள் மருமகள். மாமியாருக்கு மோர் குளிர்ச்சி, மருமகளுக்கு அதே மோர் விஞ்ஞானம் :-)

இதற்குப் பின்னால் 130 வருடத்துக் கதை இருக்கிறது. ஆரம்பம் தயிரில் இல்லை, பிரசவ வார்டில்.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் பிள்ளை பெற்ற பெண்கள் பிரசவ ஜன்னி கண்டு கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1847ல் வியன்னாவில் செம்மல்வைஸ், டாக்டர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். சாவு மளமளவென்று குறைந்தது. (அவரை எப்படி நடத்தினார்கள் என்பது தனிப் பதிவுக்கான சோகம்.) கிருமிகளைப் பற்றித் தெரிய வந்ததும் அடுத்த கேள்வி எழுந்தது. ஜன்னிக் கிருமி வெளியிலிருந்து வருகிறதா, தாயின் உடம்பிலேயே இருக்கிறதா?

இதற்கு விடை தேடி, கர்ப்பிணிகளின் யோனிக் கசிவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார் லைப்சிக் நகரத்து டாக்டர் ஆல்பர்ட் டோடர்லைன். 1892ல் புத்தகமாக வெளியிட்டார். ஆரோக்கியமான பெண்களிடம் குச்சி மாதிரி ஒரு கிருமி இருந்தது. அது லாக்டிக் அமிலம் சுரந்தது. சீழ் பிடிக்க வைக்கும் கிருமிகள் அதன் எதிரில் வளரவில்லை. கிருமி என்றாலே எமன் என்று நினைத்த காலத்தில், பெண் உடம்பு தனக்கென்று ஒரு காவல்காரனை வைத்திருக்கிறது என்று சொன்னவர் அவர். அந்த இடத்தின் பிஎச் அளவு 3.8 முதல் 4.5 வரை இருப்பது இந்தக் காவல்காரனால்தான்.

இது தெரிந்த பிறகும் நடந்தது நேர் எதிர். 1920களிலிருந்து அமெரிக்கப் பத்திரிகைகளில் லைசால் விளம்பரங்கள் வந்தன. ஆமாம், தரை துடைக்கும் அதே லைசால்! அதை நீரில் கலந்து உள்ளே கழுவாவிட்டால் கணவனின் அன்பு போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். கருத்தடை பற்றி வெளிப்படையாகப் பேசச் சட்டம் தடுத்ததால், கருத்தடைக்கும் உதவும் என்று மறைமுகமாக விற்றார்கள். கரு நிற்கத்தான் செய்தது. புண்பட்டவர்களும் இறந்தவர்களும் உண்டு. நாம் சிரிக்க வேண்டாம். 2012ல் நம் நாட்டு டிவியிலேயே, 'அந்த' இடத்தை வெளுப்பாக்கும் வாஷுக்கு விளம்பரம் வந்ததே! உள்ளே கழுவக் கழுவக் காவல்காரன்தான் முதலில் போகிறான்.

தயிர் தனி வழியில் வந்தது. 1905ல் பல்கேரிய மாணவர் கிரிகோரோவ் தங்கள் ஊர்த் தயிரின் கிருமியைக் கண்டுபிடித்தார். அதைச் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று மெச்னிகோவ் பிரபலப்படுத்தினார். ஜப்பானில் ஷிரோட்டா 1935ல் யாகுல்ட் கொண்டு வந்தார். இவர்கள் எல்லாருடைய கவலையும் குடல்தான். இரண்டு கிருமிக்கும் குடும்பப் பெயர் லாக்டோபேசில்லஸ் என்பதால் குழப்பம் வந்தது. டோடர்லைன் பார்த்தது ஒரு கிருமி அல்ல, கிறிஸ்பேட்டஸ், ஜென்சினி என்று பல இனங்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. தயிரில் இருப்பவை வேறு இனங்கள். இனிஷியல் ஒன்று என்பதற்காக ஒருத்தர் பணத்தை இன்னொருத்தர் கணக்கில் வரவு வைக்க முடியுமா? மோர் தாராளமாகக் குடியுங்கள், ஆனால் இதற்கு மருந்தாக அல்ல.

காவல்காரன் குறைந்து மற்ற கிருமிகள் பெருகினால் மீன் வாடையோடு கசிவு வரும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் போகும், பல பேருக்குத் திரும்ப வரும். 2020ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இப்படிப்பட்ட 228 பெண்களில் ஒரு பகுதியினருக்கு மருந்துக்குப் பிறகு கிறிஸ்பேட்டஸைப் பொடியாக உள்ளேயே வைத்தார்கள். 12 வாரத்தில் அவர்களில் 30 சதவீதம் பேருக்குத் திரும்பியது. வெறும் பொடி வைத்தவர்களில் 45 சதவீதம். வித்தியாசம் உண்டு, மந்திரம் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் பாதிக் கேப்சூல்களில் எந்த இனம் என்றே யாரும் பார்ப்பதில்லை. எங்களிடம் அப்படி ஒரு லோன் அப்ளிகேஷன் வந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிடுவோம்.

மாதச் சுழற்சியில் வாடையில்லாமல் வரும் கசிவு நோயே இல்லை, சூடும் இல்லை. வாடை, அரிப்பு, எரிச்சல் இருந்தால் டாக்டர்தான். தயிர் மாதிரித் திரிதிரியாக வருவது பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு மருந்தே வேறு.

கடைசியாக ஒன்று, கணவர்மார்களுக்கு. முன்பு ஆண்களுக்கு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தது பலிக்கவில்லை. 2025ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் மாத்திரையோடு தடவும் கிரீமும் கொடுத்தார்கள். பெண்ணுக்கு மட்டும் வைத்தியம் செய்த ஜோடிகளில் 63 சதவீதம் பேருக்கு 12 வாரத்தில் திரும்ப வந்தது. இருவருக்கும் செய்ததில் 35.