வசதியா, வம்பா?

நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னை எப்படி மடக்கலாம் என்று துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டிருக்கும் எதிரணி அன்பர்களே! சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்த கையோடு வந்திருக்கும் தோழர்களே! கடலூர், சிதம்பரம் வட்டாரத்துத் தாய்மார்களே!

‘கடையில் சரக்கு வகைகள் பெருகியது மக்களுக்கு வசதியா, வம்பா?’ என்பது இன்றைய வழக்கு. வம்புதான் என்று வாதாட நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி போட்டார். "ரேஷன் கடை வாசல்ல பையை வரிசையில வெச்சுட்டு நின்னோமே, ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருந்தோமே, அந்தக் காலத்துக்கா ஐயா திரும்பப் போகச் சொல்றீங்க?" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பஞ்சத்துக்கு இங்கே யாரும் வக்காலத்து வாங்கவில்லை. பசித்தவனுக்குச் சோறு இல்லாதது ஒரு துன்பம். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனிடம் நாற்பது கிண்ணம் சாம்பாரை வைத்து, "எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ருசி, ஆனா எது சிறந்ததுன்னு நீயே கண்டுபிடி" என்பது வேறு துன்பம். முதலாவது பெரிய துன்பம் என்பதற்காக, இரண்டாவது இன்பம் ஆகிவிடுமா? (சிரிப்பு)

வரலாற்றுக்கு வருகிறேன். சிதம்பரத்துக்குத் தெற்கே, சீர்காழியைத் தாண்டிப் போனால் பூம்புகார். அந்தக் காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிலே வரிசைப்படுத்துகிறார். கடல் வழியே வந்த குதிரை, மிளகு மூட்டை, மேற்கு மலைச் சந்தனம், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு. எத்தனை வகை பார்த்தீர்களா! எதிரணி நண்பர் துள்ளுகிறார்: "பாருங்க, அப்பவே இருந்துதே!" இருந்தது நண்பரே. ஆனால் குதிரைக்கும் மிளகுக்கும் நடுவிலே யாருக்காவது குழப்பம் வருமா? முத்து வாங்கப் போனவன் தடுமாறிப்போய்ச் சந்தனக்கட்டையோடு வீட்டுக்கு வருவானா? (சிரிப்பு) அங்கே பெருகியது வகை. இன்றைக்குப் பெருகியிருப்பது அட்டைப்பெட்டி. இந்த வேற்றுமையை நடுவர் அவர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே பாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த வணிகர்கள் நுகத்தடியின் நடு ஆணி போல நடுநிலை நின்றவர்களாம். வாங்கும்போது மிகுதியாக வாங்கவும் மாட்டார்கள். கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கவும் மாட்டார்கள். எதையும் வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்பார்கள். இதை மனசிலே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

இப்போது நம்ம கடலூருக்கு வருவோம். பாக்கெட் ஷாம்பூவின் கதையிலே கடலூருக்குத் தலைவாசல் பங்கு உண்டு. இந்த ஊர்க்காரர் சின்னி கிருஷ்ணன். முகப்பவுடர், எப்சம் உப்பு என்று ஒவ்வொன்றையும் சின்னச் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்றவர். பணக்காரர் வாங்குவதைக் கூலி வேலை செய்பவரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம் என்று அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பூவைப் பாக்கெட்டில் கொண்டு வந்தார்கள். ரங்கநாதன் தனியே பிரிந்து, 1983-இல் 15,000 ரூபாய் முதலில் ‘சிக்’ ஷாம்பூவைத் தொடங்கினார். அப்பா பெயரின் எழுத்துகளையே பொருளுக்கு வைத்தார். அந்தக் கம்பெனிதான் 1998-இல் கெவின்கேர் என்று பெயர் மாறியது.

இது புரட்சியா இல்லையா? புரட்சிதான்! முழு பாட்டிலுக்குக் காசில்லாத வீட்டிலே அது தலைக்குத் தலை நியாயம். நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த கட்டத்தைக் கவனியுங்கள். சிக் கம்பெனி ஒரு திட்டம் போட்டது. காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். முதலில் எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டானாலும் சரி என்றார்கள். கொஞ்ச நாளில், சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்றார்கள். வியாபாரம் பறந்தது! கெட்டிக்காரத்தனம், பாராட்டுகிறேன். ஆனால் இதிலே ஒரு பாடம் இருக்கிறது. வியாபாரி தன் வசதிக்குத் தகுந்தபடி நம் தேர்வை விரிப்பான். தன் வசதிக்குத் தகுந்தபடி சுருக்குவான். நாம் என்னவோ நாமே தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்போம். (கைதட்டல்)

1991-இல் பொருளாதாரக் கதவு திறந்தது. அதற்கு முன் மளிகைக் கடையிலே என்ன நடந்தது? "இந்தப் பருப்பு வேகாதும்மா, அதை எடுத்துக்குங்க" என்பார் கடைக்காரர். அவர் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. அரிசியிலே கல்லும் இருக்கும். ஆனால் பருப்பு வேகவில்லை என்றால் மறுநாள் அவர் கடை வாசலிலேயே நின்று சண்டை போடலாம்! தேர்ந்தெடுக்கும் பாரத்தில் பாதி அவர் தலையில் இருந்தது. இன்றைக்குத் தட்டு தட்டாக அடுக்கி வைத்துவிட்டு, முழுப் பாரத்தையும் நம்ம தலையில் ஏற்றிவிட்டார்கள். அலமாரியோடு சண்டை போட முடியுமா?

இங்கே இருக்கிற ஒரு தோழர் ஏ ஷிப்ட் முடித்து மத்தியானம் ரெண்டு மணிக்குப் பசியோடு கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலே சொன்னது ஒரே வார்த்தை: "ஷாம்பூ." அங்கே போனால் முடி கொட்டாமல் இருக்க ஒன்று, பொடுகுக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று, மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. ‘பெரிய பாட்டில்னா மலிவு’ என்று ஒரு கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கும் இங்கே செல்லாது! நம் நாட்டு ஷாம்பூவில் பல சமயம் மில்லி கணக்கில் பார்த்தால் சின்னப் பாக்கெட்டுதான் மலிவாக இருக்கிறது. பாட்டிலோடு வீட்டுக்குப் போனால் அம்மையார் கேட்கிறார், "ஏங்க, இதையா வாங்கிட்டு வந்தீங்க?" எட்டு மணி நேரம் வேலை பார்த்த களைப்பை விட அந்த ஒரு கேள்வி களைப்பு! (சிரிப்பு, கைதட்டல்)

"இது உங்க கற்பனை, ஆதாரம் இருக்கா?" என்பார்கள். இருக்கிறது. அமெரிக்காவிலே ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரு அறிஞர்கள் கலிபோர்னியாவில் ஒரு கடையில் பழ ஜாமை ருசி பார்க்க வைத்தார்கள். முடிவு 2000-இல் வெளியானது. 24 வகை வைத்தபோது கடந்து போனவர்களில் 100-க்கு 60 பேர் நின்றார்கள். 6 வகை வைத்தபோது 40 பேர்தான் நின்றார்கள். ஆனால் வாங்கியவர்கள்? 24 வகையைப் பார்த்து நின்றவர்களில் 100-க்கு 3 பேர். 6 வகையைப் பார்த்து நின்றவர்களில் 100-க்கு 30 பேர்!

எதிரணி எடுத்துத் தருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 2010-இல் இப்படிப்பட்ட 50 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், சராசரியில் பாதிப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றார்கள். அதோடு முடியவில்லை ஐயா. 2015-இல் வேறு அறிஞர்கள் யாருக்கு, எப்போது பாரம் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒப்பிடுவது சிக்கலாக இருக்கும்போது, அவசரம் இருக்கும்போது, தனக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டித் தெளிவில்லாதபோது பாரம் கூடுகிறது. அதாவது யாருக்கு? நம்ம ஏ ஷிப்ட் தோழருக்கு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷாம்பூவிலே நூறு வாசனை தருகிறார்கள். உப்பனாற்றங்கரையிலே குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் இருக்கிற ஜனங்கள், தொழிற்சாலை நாற்றம் தாங்கவில்லை, நிலத்தடி நீர் கெட்டது என்று பல வருஷமாக முறையிட்டிருக்கிறார்கள். மூச்சுக்காற்றில் அவர்களுக்கு எத்தனை வகை வைத்தார்கள்? சின்ன விஷயத்திலே ஆயிரம் தேர்வு. பெரிய விஷயத்திலே ஒன்றும் கிடையாது! அலமாரி முன்னால் நம் கவனமெல்லாம் கரைந்துபோனால், கேட்க வேண்டியதைக் கேட்க மிச்சம் என்ன இருக்கும்? (பலத்த கைதட்டல்)

சரி, வழி என்ன? கடையை மூடச் சொல்லவில்லை. பிஸ்கட், தேயிலை, சோப்பு போன்றவற்றைக் குறித்த சில அளவுகளில்தான் பொட்டலம் போட வேண்டும் என்று நம் நாட்டில் ஒரு விதி இருந்தது. 2021-இல் அறிவித்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. அளவு அவரவர் இஷ்டம் ஆயிற்று. பதிலாக, ஒரு கிராம் என்ன விலை, ஒரு மில்லி என்ன விலை என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்றது. தாய்மார்களே, அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் பாருங்கள். பூம்புகார் வணிகன் வாயால் வெளிப்படையாகச் சொன்னான். இன்றைய வணிகன் கண்ணாடி போட்டால்தான் தெரியும்படி சொல்கிறான்! அந்த எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்று கேட்பதுதான் இன்றைக்கு நாம் கேட்க வேண்டிய நுகர்வோர் உரிமை.

இன்னொரு வழி நம்ம கையிலேயே இருக்கிறது. 1978-இல் நோபல் பரிசு வாங்கிய ஹெர்பர்ட் சைமன், எல்லாவற்றிலும் மிகச் சிறந்ததைத் தேடாதே, தேவைக்குப் போதுமானது கிடைத்ததும் நிறுத்து என்ற கருத்தை விளக்கினார். நம்ம பாட்டி அதை ‘போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்று பரிசு வாங்காமலே சொல்லிவிட்டாள்.

ஆகவே நடுவர் அவர்களே, வகை பெருகினால் வசதி. வெறும் பெட்டி பெருகினால் வம்பு. உழைத்தவன் காசையும், அவன் வீட்டுக்காரம்மாவின் நேரத்தையும் தின்கிற வம்பு. எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.